ஆர்வி பயணத்தில் உள்ளூர்ச் சாப்பாடு: நல்ல கடையை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

மெதுவண்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஏழு மீட்டர் நீள ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நானும் மனைவியும் மட்டும்தான் பயணம். தண்ணீர் பிடிப்பது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, மேடு பள்ளம் பார்த்து வண்டியைச் சமமாக நிறுத்துவது எல்லாம் ஒருவழியாகக் கைவந்துவிட்டது. சாப்பாட்டில்தான் இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் ஊராகப் போகிறோம். ஆனால் சாப்பிடுவது என்னவோ எல்லா ஊரிலும் அச்சடித்த மாதிரி இருக்கும் நெடுஞ்சாலைக் கடைகளில்தான். அங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

போன வாரம் துணிந்து ஒரு ஊருக்குள் போனேன். செல்போனில் 4.6 நட்சத்திரம் காட்டிய கடை. தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் இரண்டு பக்கமும் கார் நிற்பது தெரிந்தது. கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஊர்ந்தேன். பின்னால் ஆறு கார், ஒருவர் விடாமல் ஹாரன். மூன்று முறை சுற்றி, கடைசியில் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தால், கடைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு இரண்டு மணியோடு சரியாம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். அதுதான் அதிகமாக உறைத்தது.

நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

சக்கரவீடு:

பதினோரு மீட்டர் வண்டியோடு ஒன்பது வருடம் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். கடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு இடம் தேடாதீர்கள். முதலில் வண்டிக்கு இடம் பாருங்கள், அப்புறம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு காருக்கு வரைந்த கட்டம் சுமார் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். உங்கள் ஏழு மீட்டர் அதில் அடங்காது. அதனால் முந்தைய நாள் இரவே வரைபடச் செயலியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஊரின் ஓரத்தைப் பார்ப்பேன். விளையாட்டு மைதானம், சந்தைத் திடல், சுற்றுலாத் தகவல் நிலையம், பெரிய கட்டுமானப் பொருள் கடை, இவற்றின் வாகன நிறுத்தங்கள். ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியே வரும்படி இருக்கிறதா என்பது முக்கியம். முட்டுச்சந்தாக இருந்தால் எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் வேண்டாம். தனியார் இடமென்றால் உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மதியம் இரண்டு மணி நேரம் என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

இன்னொன்று, வால். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி நீங்கள் இடப்பக்கம் ஒடிக்கும்போது வலப்பக்கம் வீசும். நான் இதைப் படித்துக் கற்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில், எல்லாக் கண்ணாடியும் பார்த்து, முன்பக்கத்தை அழகாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் "க்ரீச்" என்று ஒரு சத்தம். அந்தக் கடையின் பெயர்ப்பலகைக் கம்பம். என் வண்டியில் ஒரு முழ நீளத்துக்குப் பள்ளம், அவர்கள் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கடைக்காரம்மா ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "முதலில் உள்ளே வந்து உட்காருங்கள், முகமே வெளுத்திருக்கிறது" என்றார். பலகையை நிமிர்த்தக் காசு கொடுத்தேன், சாப்பாட்டுக்கும் கொடுத்தேன். நல்ல சாப்பாடு. ஆனால் அந்த வழியில் கடை கண்டுபிடிக்கச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுப்படி:

எனக்கு ஒன்று புரியவில்லை. அடுப்பு, பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு போய்விட்டு வெளியே எதற்குச் சாப்பிட வேண்டும்? உள்ளூர்ச் சந்தைக்குப் போங்கள், அந்தப் பருவத்தில் விளைந்ததை வாங்குங்கள், விற்பவரிடமே எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள். அதுவும் உள்ளூர்ச் சாப்பாடுதான்.

சின்னவேன்:

அடுப்படி அக்கா, பத்து நாள் தொடர்ந்து ஒற்றை அடுப்பில் சமைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரை அளந்து அளந்து பாத்திரம் கழுவிப் பாருங்கள். பதினோராம் நாள் யாராவது தட்டு வைத்துப் பரிமாற மாட்டார்களா என்று இருக்கும்.

அடுப்படி:

நான் அளந்துதான் கழுவுகிறேன் தம்பி, பதினாலு வருடமாக. :)

மெதுவண்டி:

சக்கரவீடு அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. லாரிகள் நிற்கும் இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா? அங்கே நமக்கும் இடம் கிடைக்குமே.

லாரிப்பிள்ளை:

இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டிய ஆள் நான், அதனால் இந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். லாரி நிற்பதற்கு முதல் காரணம் இடம், இரண்டாவது டீசல், மூன்றாவது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். அமெரிக்காவில் எட்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 30 நிமிடம். நேரம் முடிகிற இடத்தில் எது கண்ணில் படுகிறதோ அங்கே ஒதுங்குவோம். ருசியெல்லாம் அப்புறம். ஓட்டுநர் உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ள நின்ற நாற்பது லாரியைப் பார்த்து, நீங்கள் சமையல்காரருக்கு மாலை போடுகிறீர்கள்.

ஆனால் ஒரு விஷயம் உண்டு. பெரிய நிறுத்தங்களை விட்டுவிடுங்கள். பழைய சாலையில், எரிபொருள் நிலையம் எதுவும் பக்கத்தில் இல்லாமல், ஒரு தனிக் கடை வாசலில் மண் தரையில் நாலு லாரி நிற்கிறதா? அதிலும் இரண்டு உள்ளூர்ச் சரக்கு வண்டியா, ஜல்லி, பால் மாதிரி? அது கணக்கில் சேரும். பால் வண்டிக்காரர் தினமும் அதே பாதையில் போகிறவர், அவருக்கு அந்தச் சாலையில் இருக்கிற எல்லாக் கடையும் தெரியும். தெரிந்தும் இங்கே நிற்கிறார் என்றால் காரணம் இருக்கிறது.

பிரான்சில் ஓட்டுநர்களுக்காகவே 1934 முதல் "லே ரூட்டியே" என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் சேர்ந்த சாப்பாட்டுக் கடைகளில் சிவப்பும் நீலமும் பாதிப் பாதியாக வட்டப் பலகை மாட்டியிருப்பார்கள். அந்த மாதிரிக் கடைகளில் வண்டிக்கு இடமும் இருக்கும், வயிறும் நிறையும். எல்லா நாட்டிலும் அப்படி ஒரு பலகை கிடையாது, அதனால்தான் பால் வண்டியைப் பார்க்கச் சொல்கிறேன்.

வரைபடப்பைத்தியம்:

பால் வண்டிக் கோட்பாடு அருமை, குறித்துக்கொண்டேன்.

விமர்சனங்களைப் படிப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், இதில் என் வாழ்நாளில் கணிசமான பகுதியை வீணடித்திருக்கிறேன். நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். 4.6-க்கும் 4.2-க்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் சாப்பாடு இல்லை, "விமர்சனம் எழுதுங்கள்" என்று கடைக்காரர் எத்தனை பேரிடம் கெஞ்சினார் என்பதுதான். புதியவை முதலில் என்று வரிசைப்படுத்திவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டும் படியுங்கள். ஐந்து கொடுத்தவர் மகிழ்ச்சியில் இருக்கிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருக்கிறார். மூன்று கொடுத்தவர்தான் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்.

அதிலும் என்ன குறை சொல்கிறார்கள் என்று பாருங்கள். "ஒன்றரை மணிக்குப் போனால் பாதி அயிட்டம் தீர்ந்துவிட்டது", "நாற்காலி ஆடுகிறது", "மெனுவில் நாலே நாலுதான் இருக்கிறது", "காத்திருக்க வேண்டியிருந்தது" என்றெல்லாம் இருந்தால் நான் உடனே கிளம்பிவிடுவேன். தீர்ந்துபோகிறது என்றால் அன்றன்றைக்குச் சமைக்கிறார்கள். நாலே நாலு என்றால் அந்த நாலும் கை பழகியவை. மாறாக, எண்பது அயிட்டம் பட்டியலில் இருந்தால் அங்கே சமையல்காரரைவிட ப்ரீசர்தான் அதிகம் வேலை செய்கிறது. கழிப்பறை அசுத்தம், வயிற்றுக் கோளாறு என்று இரண்டு பேர் வெவ்வேறு மாதங்களில் எழுதியிருந்தால் மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

புகைப்படங்களில் சாப்பாட்டைப் பார்க்க வேண்டாம், பின்னணியைப் பாருங்கள். பக்கத்து மேசையில் யார்? வேலை உடுப்பில் இருப்பவர்களா, கழுத்தில் கேமரா தொங்குகிறவர்களா? வாசல் தெரிகிற படம் கிடைத்தால் தெருவின் அகலமும் தெரிந்துவிடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கடைசியாக உயரம். சாதாரண வரைபடச் செயலிகள் வண்டி எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் டர்ஹாம் என்ற ஊரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று இருந்தது. எச்சரிக்கை விளக்கெல்லாம் வைத்தும் அதில் கூரையைச் சீவிக்கொண்ட லாரிகளின் வீடியோக்கள் உலகப் புகழ். 2019-இல் எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் இடிக்கிறார்கள். ஏசி, ஆன்டெனா எல்லாம் சேர்த்து உங்கள் வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். காரிலிருந்தபடியே வாங்கும் கடைகளின் கூரைக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள், பசி எவ்வளவு இருந்தாலும்.

நிலாமுற்றம்:

நாங்கள் ட்ரெய்லர் இழுப்பவர்கள். வண்டிகள் தங்கும் முகாமில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுக் காரில் சாப்பிடப் போய்விடுவோம், அதனால் பார்க்கிங் எங்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. இரண்டு குழந்தைகள், அதுதான் தலைவலி.

நான் சொல்ல வந்தது கேட்கும் விதத்தைப் பற்றி. "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் எல்லோரும் விருந்தாளிக்குச் சொல்கிற பதிலைத்தான் சொல்வார்கள். மேசை விரிப்பு போட்ட, விலை கூடின, அவர்களே வருடத்துக்கு ஒருமுறை போகிற இடம். முகாம் அலுவலகத்தில் கேட்டாலும் இதே கதைதான், ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டுவார்கள். அதனால் நான் கேள்வியை மாற்றிவிட்டேன்: "நீங்கள் கடைசியாக வெளியே எங்கே சாப்பிட்டீர்கள்?"

யாரிடம் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. எனக்கு ராசியான இடம் துணி துவைக்கும் கடை. வாரம் ஒருமுறை எப்படியும் போகிறோம், மெஷின் சுற்றி முடிக்கும்வரை யாருக்கும் எங்கும் போக வழியில்லை. ஒருமுறை ஒரு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். சட்டென்று பிரபலமான கடை ஒன்றின் பெயரைச் சொன்னார். "நீங்கள் அங்கே போவீர்களா?" என்றேன். மடித்துக்கொண்டிருந்த உறையை மடியில் வைத்துவிட்டு என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு இருக்கும். பலகை கிடையாது. பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடு. குழந்தைகளுக்குக் காரம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு" என்றார். பச்சைக் கதவு இருந்தது. உள்ளே ஆறே மேசை. என் சின்னவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அவள் வீட்டில் அப்படிச் செய்ததே இல்லை.

இன்னொரு பழக்கம்: சாப்பிட்டு முடித்ததும், நன்றாக இருந்தால் மட்டும், சமைத்தவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு அடுத்து எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்வேன். "அங்கே யார் கையில் சாப்பிடலாம்?" சமைப்பவர்களுக்குச் சமைப்பவர்களைத் தெரியும். இப்படி ஒரு கடையிலிருந்து இன்னொரு கடை, அங்கிருந்து இன்னொன்று என்று ஐந்து ஊர் தொடர்ந்து போயிருக்கிறோம். ஆறாவது ஊரில் சொன்ன கடை மூடிப்போய் அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது, சங்கிலி அறுந்துவிட்டது.

சின்னவேன்:

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மெதுவண்டி மாட்டியதே நேரத்தில்தான். சின்னக் கடைகளுக்கு வண்டியில் போகிறவர்கள் பதினொன்றரைக்குப் போய்விட வேண்டும். இடமும் கிடைக்கும், சாப்பாடும் தீர்ந்திருக்காது, சமையல்காரருக்குப் பேசவும் நேரமிருக்கும். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல் ஒரு போன் அடித்துவிடுங்கள். "எத்தனை மணிவரை?" என்று கேட்காதீர்கள், "எத்தனை மணிக்குத் தீரும்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதே போனில் "ஏழு மீட்டர் வண்டி, எங்கே நிறுத்தலாம்?" என்றும் கேட்டுவிடலாம். கடைக்குச் சரக்கு இறக்க வரும் லாரி எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும், பல பேர் பின்பக்கத்தைத் திறந்துவிடுவார்கள்.

அடுப்படி:

நான் சாப்பாட்டுக் கடைகளுக்கு எதிரியில்லை, போகட்டும். பார்சல் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். வண்டியில் பார்சலை வைத்துவிட்டு "ராத்திரி சாப்பிடலாம்" என்று ஓட்டிக்கொண்டே போகிறீர்கள் இல்லையா? 4 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும். சமைத்த சாப்பாடு அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயிலென்றால் ஒரு மணி நேரம்தான். நிறுத்திய வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும்.

பிரிட்ஜில் வைக்கிறேன் என்பீர்கள். நம் வண்டிகள் பலவற்றில் இருப்பது கேஸில் ஓடும் பிரிட்ஜ், அது வீட்டு பிரிட்ஜ் மாதிரி சட்டென்று குளிராது. வண்டி சாய்வாக நின்றால் ஒழுங்காக வேலையும் செய்யாது. கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய டப்பாவை உள்ளே தள்ளினால் பக்கத்திலிருக்கும் பாலும் கெடும். சின்னச் சின்ன டப்பாவில் தட்டையாகப் பரப்பி வையுங்கள். முக்கியமாக, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடு இரவில், கழிவுத் தொட்டி நிறைந்துவிட்ட வண்டியில், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெட்டால் எப்படி இருக்கும் என்பதை விவரிக்க மாட்டேன்.

லாரிப்பிள்ளை:

விவரித்தே விட்டீர்கள்.

சக்கரவீடு:

பண்ணையில் இரவு தங்குவதை யாரும் சொல்லவில்லை. பிரான்சில் 1993 முதல் "ஃபிரான்ஸ் பாசியோன்" இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை உறுப்பினர் ஆனால் போதும், விவசாயிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் இடத்தில் ஒரு நாள் இலவசமாக வண்டி நிறுத்த விடுகிறார்கள். அதே எண்ணத்தில் வட அமெரிக்காவில் 2009-இல் "ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ்" வந்தது. வண்டிக்குள்ளேயே கழிப்பறையும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு அங்கே விளைந்ததில் ஏதாவது வாங்குவது மரியாதை.

நான் இதைத் தூங்குவதற்காகவே ஆரம்பித்தேன், இப்போது சாப்பாட்டுக்காகப் போகிறேன். காய்கறி விளைவிக்கிறவருக்கு அதை யார் வாங்கிப் போகிறார்கள் என்று தெரியும். எந்தக் கடை வாரம் மூன்று முறை வந்து கையால் பொறுக்கி எடுக்கிறது, எந்தக் கடை அடிபட்டதை மலிவாகக் கேட்கிறது, எல்லாம் சொல்வார். இதைவிட நல்ல விமர்சனம் எந்தச் செயலியிலும் கிடையாது. ஒன்று மட்டும்: போய் இறங்கியதும் வண்டிக்கு வெளியே நாற்காலி, மேசை, துணிக்கொடி எல்லாம் விரித்துவிடாதீர்கள், ஜெனரேட்டரும் வேண்டாம். அது அவர்கள் வீட்டு முற்றம்.

வரைபடப்பைத்தியம்:

சற்றுத் தலைப்பிலிருந்து விலகுகிறேன், மன்னிக்கவும். வண்டியும் சாப்பாடும் சேர்ந்தே வளர்ந்தவை. மிஷ்லின் கையேடு 1900-இல் டயர் கம்பெனி இலவசமாகக் கொடுத்த புத்தகம். ஜனங்கள் நிறைய ஓட்டினால்தானே டயர் தேயும். உணவகத்துக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்ததே 1926-இல்தான். அமெரிக்காவில் டங்கன் ஹைன்ஸ் என்ற விற்பனைப் பிரதிநிதி, வேலைக்காக ஊர் ஊராக ஓட்டியபோது தான் சாப்பிட்ட நல்ல கடைகளைக் குறித்துவைத்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டுத் தொல்லை செய்ததால் 1935 கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டையோடு அந்தப் பட்டியலையே அச்சடித்து அனுப்பினார். அடுத்த வருடம் புத்தகமாகிவிட்டது. சமையலறையை எட்டிப் பார்க்காமல் விடமாட்டாராம்.

அதாவது, நிலாமுற்றம், உங்கள் துணி துவைக்கும் கடை முறைதான் மூத்தது. நட்சத்திரம் பின்னால் வந்தது.

நிலாமுற்றம்:

நான் அச்சடிக்கவில்லை, பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பச்சைக் கதவுதான் முதல் வரி.

மெதுவண்டி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, பெரும்பாலானதைச் செய்து பார்த்தோம்.

முதல் முயற்சி தோல்வி. தனிக் கடை, மண் தரை, வாசலில் மூன்று லாரி. உள்ளே போனால் மூன்று ஓட்டுநர்களும் கடை முதலாளியின் தம்பிகள். சாப்பாடு சுமார். லாரிப்பிள்ளை சார், பால் வண்டி இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை, மைதானத்தில் வண்டியை நிறுத்தி, முன்னதாகவே போன் செய்து, பதினொன்றரைக்குப் போனோம். சுவரில் கரும்பலகை, அதில் நாலு வரி. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே கடைக்காரர் மகன், பள்ளிக்கூடப் பையன், ஸ்டூல் போட்டு ஏறி ஒரு வரியை உள்ளங்கையால் அழித்தான். பன்னிரண்டே கால்தான் ஆகியிருந்தது. மனைவி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், நாங்கள் வாங்கியது அந்த வரியைத்தான்.

கிளம்பும்போது நிலாமுற்றம் சொன்ன கேள்வியை மனைவிதான் கேட்டாள், எனக்குக் கூச்சம். சமைத்தவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து அடுத்த ஊரில் ஒரு இடம் சொன்னார். மரக்கடைக்குப் பின்னால், வியாழனும் வெள்ளியும் மட்டும். வழியில் ஒரு பாலம் இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று வரைபடத்தில் தேடினேன். 3.1 மீட்டர். எங்கள் வண்டி, டேப் வைத்து அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், 3.2.

நாளைக்கு வியாழன். பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு சைக்கிளை இறக்கப் போகிறோம்.